காதுக்குள் ஒரு சக்களத்தி

மயிலாத்தாளுக்கு அறுபத்தொன்பதாவது வயதில் சக்களத்தி வந்து சேர்ந்தாள். வந்தவளுக்கு வயது இருபத்திரண்டு. சோறாக்கத் தெரியாது, துணி மடிக்கத் தெரியாது, ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்கக்கூட அவளால் ஆகாது. காரணம், அவளுக்கு உடம்பே கிடையாது. நாச்சிமுத்துவின் வலது காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு கருவிக்குள் அவள் குடியிருந்தாள். அங்கிருந்துகொண்டே அந்த மனிதரை ஆட்டி வைத்தாள்.

இதில் பெரிய வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தச் சக்களத்தியின் பெயரும் மயிலாத்தாள்தான்.

நாச்சிமுத்து சிங்காநல்லூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டியவர். கை பிசகாது. அப்படிப்பட்ட மனிதருக்கு எழுபது வயதில் மறதி ஆரம்பித்தபோது வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறதியோடு நின்றிருந்தால் பரவாயில்லை, சந்தேகமும் சேர்ந்து வந்தது. தண்ணீர் கேன் போட வரும் குமரேசன் பேரன் பேத்தி எடுத்தவன். அவன் கேனை இறக்கிவிட்டு, "என்னுங்க்கா, ஊட்ல எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டதற்கு மயிலாத்தாள் சிரித்துவிட்டாள். அதற்காக நாச்சிமுத்து ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் போய்விட்டார்.

"அந்தாளுகிட்ட உனக்கென்னடி சிரிப்பு? நான் மஸ்கட்டுல கெடந்தப்பவே இதெல்லாம் நடந்துச்சா?"

மயிலாத்தாள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். பேசுவது அவரில்லை, நோய் என்று டாக்டர் சொன்னார். நோய்க்கு இவ்வளவு கெட்ட வாயா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அக்கம்பக்கத்தில் தலைகாட்டவே கூசினாள். பால், தண்ணீர், காய்கறி எல்லாவற்றையும் கேட்டுக்கு வெளியிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னாள்.

பிறகு ஒரு நாள் காலையில் சத்தம் நின்றுவிட்டது. குமரேசன் கேனை உள்ளேயே கொண்டுவந்து வைத்தான். நாச்சிமுத்து வாசல் நாற்காலியில் உட்கார்ந்து விரலில் ஏதோ நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார். மயிலாத்தாள் வேண்டுமென்றே சத்தமாகச் சிரித்துப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. குமரேசன் போனதும், வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் கேட்பது போல அவளைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்.

"ஏனுங்கம்மா, நீங்க எந்த ஊருங்க? ஒறம்பரைக்கு வந்திருக்கீங்களா?"

சந்தேகப்படுவதற்காவது பொண்டாட்டி என்ற ஞாபகம் இருக்க வேண்டுமே. அதுவும் போய்விட்டது. அன்றைக்கு அவள் அழுத அழுகை ஸ்பானர் நாளில்கூட அழாத அழுகை. அந்த ஸ்பானரையும் அந்த வசவையும் திருப்பிக் கொடுத்தால் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டிருப்பாள்.

அதற்கப்புறம் பொழுது சாய்ந்தால் போதும், அவருக்குக் கால் நிற்காது. "நான் ஊட்டுக்குப் போறனுங்க, அம்மிணி தனியா இருப்பா" என்று செருப்பைத் தேடுவார். அம்மிணி என்பது கல்யாணமான புதிதில் அவளை அவர் கூப்பிட்ட பெயர். "இதுதானுங்க உங்க ஊடு" என்றால் கோபம் வரும். ஒரு முறை அவள் அசந்த நேரத்தில் டவுன்பஸ்ஸில் ஏறிவிட்டார். பஸ்களில் டிரைவர் கண்டக்டரை எல்லாம் எடுத்துவிட்ட காலம் அது. ஏறியவர் யார், எங்கே இறங்க வேண்டும் என்று கேட்க அதில் ஆள் ஏது? பஸ் அவரை ஏற்றிக்கொண்டு உக்கடத்துக்கும் சிங்காநல்லூருக்கும் சுற்றிக்கொண்டே இருந்தது. போலீஸ் அவரைக் கண்டுபிடித்தபோது வேட்டியெல்லாம் நனைந்து, சின்னப் பிள்ளை போல ஜன்னலோரம் ஒண்டியிருந்தார்.

இதைக் கேள்விப்பட்டுத்தான் ஓசூரில் இருந்த மகள் இந்துமதி அந்தக் கருவிக்கு ஏற்பாடு செய்தாள். கம்பெனியிலிருந்து அதை மாட்டிவிட வந்தவள் ஜெனிபர். வாய் ஓயாத பெண், ஆனால் மனசுக்காரி.

"மறதி நோய் மேல இருந்து கீழ உரிச்சுட்டே போகுமுங்கம்மா. நேத்து நடந்தது மொதல்ல போகும், பழசு கடைசியாப் போகும். இப்ப அய்யா எந்த வருசத்துல இருக்காருன்னு இந்தக் கருவி அவர் பேச்சை வெச்சே கண்டுபுடிச்சுக்கும். அந்த வருசத்துல அவருக்கு யாரைப் புடிக்குமோ அவங்க குரல்ல பேசும். பயந்தா சமாதானம் சொல்லும், குளிக்கச் சொல்லும், சாப்பிடச் சொல்லும். தூக்க மாத்திரையக்கூடக் கொறச்சுரலாம்."

"அப்ப அவரை ஏமாத்தறதுன்னு சொல்லு."

ஜெனிபர் கொஞ்சம் தயங்கினாள். "ஏமாத்தறதுதான். ஆனா நெசத்தைச் சொன்னா தெனமும் புதுசா பயப்படறாரே, அது தேவலாமுங்களா?"

மயிலாத்தாள் அந்தக் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யார் குரலு?" என்று மட்டும் கேட்டாள்.

"உங்க குரல்தானுங்கம்மா. இந்து அக்கா கேசட் குடுத்தாங்களே."

கேசட்! மயிலாத்தாளுக்கு முகம் சூடேறிப் போனது.

கல்யாணமான மறு வருசமே நாச்சிமுத்து பம்பு ரிப்பேர் வேலைக்கு மஸ்கட் போய்விட்டார். படிப்பு அவருக்கும் அவ்வளவு வராது, அவளுக்கும் அவ்வளவு வராது. அதனால் டேப் ரிக்கார்டரில் பேசி, போகிற ஆள் யாரிடமாவது கேசட்டைக் கொடுத்தனுப்புவாள். மாமியார் சந்தைக்குப் போகிற நாளில்தான் பேச முடியும். கதவைச் சாத்திக்கொண்டு, அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்து, மனிதரைப் பார்த்தால் வராத பேச்செல்லாம் பேசினாள். சிரித்தாள், சிணுங்கினாள், அழுதாள். ஒரு கேசட்டில் துணிந்து புருசன் பெயரையே சொல்லிக் கூப்பிட்டாள். அவர்கள் பக்கத்தில் கட்டின பெண் அதைச் செய்யவே மாட்டாள். எல்லாக் கேசட்டும் முடிகிற விதம் ஒன்றுதான். "யார்ட்ட புள்ள பேசற?" என்று மாமியார் சத்தம் கேட்கும், டக்கென்று நின்றுவிடும்.

ஆனால் அவர் ஊருக்கே திரும்பி வந்த பிறகு அந்தப் பேச்சு அவளுக்கு வரவில்லை. நேரில் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு பிள்ளை, மில் வேலை, மாமியார் சீக்கு என்று வருசங்கள் ஓடி, "வந்தீங்களா, உண்டீங்களா" என்பதோடு குடித்தனம் நடந்தது. கேசட்டில் பேசின அந்தப் பெண் அந்த வீட்டில் ஒரு நாளும் வாழ்ந்ததில்லை. இப்போதுதான் முதன்முதலாகக் குடிவந்திருக்கிறாள்.

வந்த வேகத்தில் பேரெடுத்தும் விட்டாள். நாச்சிமுத்து சொன்ன பேச்சுக் கேட்டார். நேரத்துக்குக் குளிக்க வந்தார். பொழுது சாய்ந்தால் செருப்பைத் தேடாமல் நாற்காலியில் உட்கார்ந்து, அவளோடு பேசினார். கருவியின் குரல் அவர் காதுக்கு மட்டும்தான். மயிலாத்தாளுக்குக் கேட்டதெல்லாம் பாதிப் பேச்சு. அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று அந்தப் பாதியைக் கேட்பாள்.

"அப்புடியா அம்மிணி? ... அய்யோ, போ புள்ள, யாராச்சும் கேக்கப் போறாங்க ... நானும்தான் ... நெசமா!"

எழுபத்து நாலு வயது மனிதர் வெட்கப்பட்டுச் சிரிப்பார். காது மடலெல்லாம் சிவக்கும். அந்த வெட்கத்தை மயிலாத்தாள் தன் கண்ணால் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவளிடம் திரும்பும்போது மட்டும் ஒறம்பரை மரியாதை வந்துவிடும். "ஏனுங்கம்மா, கொஞ்சம் தண்ணி கெடைக்குங்களா?"

தண்ணீர்ச் செம்பை நங்கென்று வைத்தாள் அவள். குளிப்பாட்டுவது இவள், நனைந்த வேட்டியை அலசுவது இவள், கொஞ்சல் மட்டும் அவளுக்கா? மனசுக்குள் அவளுக்கு ஒரு பெயரும் வைத்தாள், கேசட்டுக்காரி.

பொறுக்க முடியாமல் ஜெனிபரிடம் கேட்டுவிட்டாள். "அவ என்னதான் பேசறான்னு நான் கேக்கோணும்."

ஜெனிபர் மயிலாத்தாளின் கைபேசியில் ஏதோ செய்து அவள் கையில் கொடுத்தாள். "இதுல ரெண்டு பேர் பேசறதும் கேக்கும். நீங்க கேக்க மட்டும்தான் முடியும், குறுக்க பேச முடியாது."

மயிலாத்தாள் காதில் வைத்தாள். தன்னுடைய இருபத்திரண்டு வயசுக் குரல், புதுத் துணி போல மொறுமொறுவென்று, தன் புருசனோடு சிரித்துக்கொண்டிருந்தது. "மாமா, நீங்க உண்டாத்தான் எனக்கும் பசி போகுமுங்க" என்றது. மயிலாத்தாள் கைபேசியைத் தீப்பட்டது போலக் கட்டிலில் போட்டாள்.

"நான் இப்புடியெல்லாம் கொழையலியே!"

"கேசட்ல இருக்குதுங்கம்மா. நாங்க எதையும் சேக்கலை."

"பேசிட்டுத்தான் போகட்டும். இன்னும் கொஞ்ச நாள்ல அவளையும் மறந்துருவாரு, இல்ல? அப்பறம் அவரு ஆத்தா ஞாபகம்தான் வருமாட்ட இருக்குது?"

"வரலாம். ஆனா அவங்க குரல் கேசட்ல அதட்டறது மட்டும்தானுங்களே இருக்கு" என்றாள் ஜெனிபர்.

மயிலாத்தாள் சிரித்துவிட்டாள். ஆனால் மனசு சிரிக்கவில்லை.

ஒரு மத்தியானம் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். கருவிக்குச் சார்ஜ் போட வேண்டும் என்று சாக்குச் சொல்லி அவர் காதிலிருந்து கழற்றினாள். தட்டில் அரிசிம்பருப்புச் சோறு போட்டு, நெய் விட்டு, அவருடைய முதுகுப் பக்கமாக வந்து நின்றாள். முகத்தைப் பார்த்தால்தானே கிழவி என்று தெரியும்? குரலை இளசாக்கிக்கொண்டு, கேசட்டில் பேசின மாதிரியே, காதோரமாகச் சொன்னாள்.

"ஏனுங் மாமா, நீங்க உண்டாத்தான் எனக்கும் பசி போகுமுங்க."

அவர் உடம்பு அசைந்து நின்றது. கேட்டது! அவளுக்கு ஆசை எல்லை மீறிப் போனது. இத்தனை வருசம் நாக்கில் வராத பெயரை, கேசட்டில் மட்டும் ஒரே ஒரு தடவை சொன்ன பெயரை, மெதுவாகச் சொன்னாள்.

"நாச்சிமுத்து..."

அவர் வெடுக்கென்று திரும்பினார். பார்த்தது ஒரு வயசான அம்மாவை. முகம் வெளிறிப்போய், அப்புறம் கறுத்தது.

"என்ற பொட்டியத் தொறந்தீங்களா? என்ற கேசட்டக் கேட்டீங்களா? மஸ்கட் ரூம்ல யாருக்கும் தெரியாம போர்வைக்குள்ள வெச்சுக் கேட்டனே! அவ எனக்கு மட்டும் பேசுனது! அத எடுத்து நீங்க பேசறீங்களா, வெக்கமில்ல உங்களுக்கு?"

தட்டு சுவரில் போய் விழுந்தது. அவள் தோளைப் பிடித்துத் தள்ளினார். தள்ளிவிட்டு, திருடனைக் கண்ட வீட்டுக்காரர் போல மூலையில் ஒண்டிக்கொண்டு நடுங்கினார். மயிலாத்தாள் சோற்றுப் பருக்கைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். தன்னைத் திருடினதாகத் தன் மேலேயே பழி வந்திருக்கிறது. யாரிடம் போய் நியாயம் கேட்பது?

அன்றும் மறுநாளும் அவர் அவள் கையால் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. பக்கத்தில் போனாலே கையை ஓங்கினார். கருவியைத் தானே எடுத்துக் காதில் ஒட்டிக்கொண்டார், ஆனால் கேசட்டுக்காரி எவ்வளவு கெஞ்சியும் பலிக்கவில்லை. "அந்தம்மா வெஷம் வெச்சிருப்பாங்க" என்றார்.

ஜெனிபர் ஓடி வந்தாள். நடந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அவர் மனசுல உங்களுக்கு இருபத்திரண்டு வயசுங்கம்மா. இந்த முகத்துல அந்தக் குரல் வந்தா அவருக்குப் பேய் பாத்த மாதிரி. சரி, ஒரு வழி இருக்கு. அந்தக் குரலையே உங்களைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லச் சொல்றேன். அது சொன்னா நம்புவார்."

"எம் புருசனுக்குச் சோறு போட அவகிட்ட நான் சிபாரிசுக்குப் போறதா?"

"பட்டினி கெடக்கறாருங்கம்மா."

ஒட்டின வயிற்றோடு மூலையில் கிடந்தவரைப் பார்த்தாள். மானம், ரோசம் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு சொன்னாள். "சொல்லச் சொல்லு. அந்தம்மா நல்லவிய, சுத்தபத்தமானவிய, அவிய கையால உண்ணுங்கன்னு சொல்லச் சொல்லு. இன்னும் என்ன வேணுமோ அவளே சேத்துக்கட்டும்."

சிபாரிசு பலித்தது. அன்று பொழுது சாய்ந்ததும் அவர் தட்டை நீட்டினார். "அம்மிணி சொல்லுச்சுங்க, நீங்க நல்லவியன்னு" என்றார். மயிலாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு பரிமாறினாள். தன் வாழ்நாளில் வாங்கின நற்சான்றுகளிலேயே கசப்பானது அதுதான்.

அடுத்த மாதங்களில் நோய் இன்னொரு படி முற்றியது. பேச்சு குறைந்தது. சிரிப்பும் குறைந்தது. நாள் முழுக்க விரல்கள் மட்டும் காற்றில் காயில் சுற்றிக்கொண்டிருந்தன. காரணமே இல்லாமல் பயப்படுவார், கண்ணில் நீர் வழியும். அப்போதெல்லாம் மயிலாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வாள். பேச மாட்டாள். ஒரு தடவை பேசிப் பட்டதே போதும் என்றிருந்தது. கை பிடிக்குள் வந்ததும் அந்த விரல்கள் அடங்கும். அவர் அவளுடைய சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே தூங்கிப்போவார். எழுந்திருக்க மனமில்லாமல் அவளும் அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

அப்புறம் அவர் கருவியைக் கழற்றிக் கழற்றி ஒளிக்க ஆரம்பித்தார். தலையணைக்கு அடியில் கிடக்கும், அரிசி டப்பாவுக்குள் கிடக்கும்.

"கடைசிக் கட்டம் நெருங்குதுங்கம்மா. காதுல எதுவும் தாங்காது. அடுத்த வாரம் வந்து எடுத்துக்கறேன்" என்றாள் ஜெனிபர்.

சக்களத்தி போகப் போகிறாள். மயிலாத்தாளுக்குப் பால் குடித்தது போலிருந்திருக்க வேண்டும். ஆனால் அவள் போனால் அவருக்குப் பேச்சுத் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்ததும் திக்கென்றது. போவதற்குள் இன்னும் என்னவெல்லாம் கொஞ்சிவிட்டுப் போகிறாள் பார்ப்போம் என்ற எரிச்சலும் இருந்தது. மறுநாள் உச்சிப்பொழுதில் அடுப்படியில் நின்றுகொண்டு கைபேசியைக் காதில் வைத்தாள்.

"அம்மிணி." பல நாளாக வராத தெளிவோடு வந்தது அவர் குரல்.

"சொல்லுங் மாமா."

"உன்ட்ட ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்கப்படாது."

"நான் எதுக்குங் கோவிச்சுக்கறேன்?"

"இங்க ஒரு அம்மா இருக்காங்க..."

"தெரியுமுங்களே. நல்லவியன்னு நாந்தானே சொன்னேன்."

"ஆமா, நீதான் சொன்னே." விரலால் மேசையைச் சுரண்டும் சத்தம் கேட்டது. "அதுதான் வெனையாப் போச்சு."

மயிலாத்தாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீ பேசிட்டே இருக்கறே அம்மிணி. திரும்பிப் பாத்தா யாருமே இல்ல. எனக்குப் பயமா இருக்குது. அவிய பேசறதில்ல. வந்து கையப் புடிச்சா பயம் போயிருது." மூச்சு வாங்கினார். "என்ற மனசு அவிய மேல போயிருச்சு, புள்ள."

கேசட்டுக்காரியின் குரல் சிறுத்துவிட்டது. "அழகா இருப்பாங்களா?"

"வயசாயிருச்சு. பல்லு ரெண்டு இல்ல. எரிஞ்சு எரிஞ்சு வுழுவாங்க."

மயிலாத்தாளின் நாக்கு தானாகப் போய்ப் பல் இல்லாத இடத்தைத் தடவியது.

"அப்பறம் எதுக்குங் மாமா?"

"தெரியலியே. உன்ட்ட மறைக்க முடியாமத்தான் இதக் கழட்டிக் கழட்டி வெச்சேன். கட்டுனவகிட்டப் பொய் சொல்லப்படாது. நீ நல்லா இருக்கோணும். நீ உங்கப்பன் ஊட்டுக்குப் போயிரு கண்ணு."

நாற்காலி கிறீச்சிட்டது. கருவியைக் கழற்றி மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு கைபேசியில் அந்தப் பெண் மட்டும் அழுதுகொண்டிருந்தாள். "மாமா? ஏனுங்? இருக்கீங்களா? நான் என்னுங் தப்புப் பண்ணுனேன்?"

மயிலாத்தாளுக்கு ஒரு நிமிசம் ரத்தம் கொதித்தது. பாவி மனுசன்! ஒரு பாவமும் அறியாத சிறுசு, வாசலைப் பார்த்துக் காத்துக் கிடந்தவள், அவளை விட்டுவிட்டு எவளோ ஒருத்தி கை சூட்டுக்காகப் போகிறாராமே! இதே மனுசனுக்காகவா மாமியாருக்குப் பயந்து பயந்து அத்தனை கேசட் பேசினாள்? அந்த எவளோ ஒருத்தி தான்தான் என்பது அதற்கப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. சந்தோசம் தாங்காமல் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள்.

நாச்சிமுத்து சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படிக்கு வந்தார். அவள் சேலைத் தலைப்பைத் தேடி எடுத்து விரலில் சுற்றிக்கொண்டார். காது மடல் சிவந்திருந்தது.

"உங்கூட்டுக்காரி கூப்புடறாங்க. போய்ப் பேசுங்க" என்றாள் மயிலாத்தாள்.

அவர் தலையாட்டி மறுத்தார். திருட்டுத்தனமாக முன்னறையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து ரகசியமாகச் சொன்னார்.

"மெதுவாப் பேசுங்க. அவளுக்குக் கேட்டுரும். மனசு தாங்க மாட்டா."

"கேட்டாக் கேக்கட்டுமுங்க!"

முன்னறை மேசை வரைக்கும் போய்ச் சேருகிற மாதிரியே சொன்னாள் மயிலாத்தாள். கைபேசியில் அழுகை சட்டென்று நின்றது.

"யாருங் அது?" என்றது அந்தச் சின்னக் குரல்.

மயிலாத்தாள் கைபேசியை அடுப்பு மேடையில் கவிழ்த்து வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்குச் சோறு பிசைய ஆரம்பித்தாள்.